வாசம் அளக்கும் வேலைக்குப் போகிறீர்களா?

மதுரை மல்லிகையைக் காலையில் மொட்டாகப் பறிப்பார்கள். அது விரிவது அந்திக்குப் பிறகு. வாசம் கிளம்புவதும் அப்போதுதான். அதை அளக்க வந்தவர் காலை பத்து மணிக்குக் கருவியைத் திறந்து மாலை ஐந்தரைக்குப் பஸ் பிடித்தால், பதிவேட்டில் எழுத ஒன்றும் இருக்காது. செடிகள் விடும் ஆவியை அளக்கும் துறையில் சேர நினைப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: இங்கே வேலை நேரத்தைச் செடி முடிவு செய்யும். பூவென்றால் இரவு, ஐசோப்ரீன் என்றால் உச்சி வெயில், புழு கடித்த இலை என்றால் கடித்த நாளும் மறுநாளும்.

அளக்கும் பொருளுக்கு முழுப்பெயர் எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள். ஆய்வகத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, 'வி.ஓ.சி.' அல்லது 'வாலடைல்ஸ்' என்பார்கள். துறை சின்னது போலத் தோன்றும், ஆனால் பொருளின் அளவு பெரியது. உலகத்துத் தாவரங்கள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 100 கோடி டன் வி.ஓ.சி.யைக் காற்றில் விடுகின்றன என்பது மதிப்பீடு. அதில் ஏறக்குறையப் பாதி ஐசோப்ரீன் என்ற ஒரே சேர்மம். வகைகளோ ஏராளம்: பூக்களின் வாசத்தில் மட்டும் 1,700-க்கு மேற்பட்ட சேர்மங்கள் பட்டியலிடப்பட்டிருக்கின்றன.

இந்த வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் மூன்று கூட்டத்தார். பூச்சியியல்காரர்களுக்கு, எந்தச் சேர்மம் எந்தப் பூச்சியை இழுக்கிறது அல்லது விரட்டுகிறது என்று தெரிய வேண்டும். வளிமண்டல ஆய்வாளர்களுக்கு, ஒரு கிராம் இலை மணிக்கு எவ்வளவு விடுகிறது என்ற எண் வேண்டும். ஐசோப்ரீன் நகரப் புகையோடு சேர்ந்தால் தரைமட்ட ஓசோன் உருவாகும் என்பதால். நறுமணத் தொழில்காரர்களுக்கோ சேர்மங்களின் விகிதம் போதும். மல்லிகையில் பென்சைல் அசிடேட், லினலூல், இண்டோல் மூன்றும் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்பதில்தான் அவர்கள் வியாபாரம் இருக்கிறது. ஒரே கருவி, மூன்று வெவ்வேறு வேலை. எந்தக் கூட்டத்தில் சேர்கிறீர்கள் என்று தெரியாமல் விண்ணப்பம் எழுதாதீர்கள்.

விண்ணப்பங்களில் எல்லோரும் தவறாமல் எழுதும் ஒரு வரி உண்டு: 'ஜி.சி.-எம்.எஸ். இயக்கத் தெரியும்.' சேர்மங்களைப் பிரித்து அடையாளம் காணும் அந்தக் கருவியைத் தெரிந்திருப்பது நல்லது. ஆனால் அது வேலையின் பின்பாதி. கருவிக்குள் ஊசி போகும் முன்பே பலன் பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது: செடியை எப்படித் தொட்டீர்கள், எந்தப் பையால் மூடினீர்கள், என்ன காற்றை உள்ளே விட்டீர்கள், எதில் பிடித்தீர்கள் என்பதில். கெட்டுப்போன மாதிரியை எத்தனை கோடி ரூபாய்க் கருவியாலும் சரிசெய்ய முடியாது. ஆகவே காற்றுப் பிடிக்கக் கற்றுக்கொள்வதுதான் இந்தத் தொழிலில் உங்களுக்கு விலை கூட்டும்.

செடியைத் தொடும் விதம்

தக்காளிச் செடியைத் தொட்டுவிட்டு விரலை முகர்ந்து பாருங்கள். அந்த வாசம் இலைமேல் இருக்கும் நுண்மயிர்ச் சுரப்பிகள் உடைந்ததால் வந்தது. துளசியும் அப்படித்தான். பையை மாட்டும்போது இலை உரசினாலே சுரப்பியில் தேங்கியிருந்த டெர்ப்பீன்கள் என்ற வாசச் சேர்மங்கள் கொட்டிவிடும். நீங்கள் அளப்பது செடியின் இயல்பாக இல்லாமல் உங்கள் கையின் முரட்டுத்தனமாக ஆகிவிடும். முந்தின நாளே சட்டம் கட்டிப் பையை மாட்டிவிட்டு, செடி அடங்கும்வரை காத்திருந்து, பிறகு மாதிரி எடுப்பதே முறை.

கை பட்டதா இல்லையா என்பதைச் செடியே காட்டிக்கொடுக்கும். புல் வெட்டும்போது வரும் பச்சை வாசம் நினைவிருக்கிறதா? அது ஆறு கார்பன் கொண்ட ஹெக்ஸினால், ஹெக்ஸினைல் அசிடேட் வகையறா. இலை காயப்பட்ட நொடிகளிலேயே வெளிவரும். 'காயமில்லாத செடி' என்று நீங்கள் எழுதிவைத்த மாதிரியில் இவற்றின் பீக்குகள், அதாவது கருவி வரையும் முகடுகள், உயரமாக நின்றால், அதை ஒதுக்கிவிட்டு வேறு செடி எடுங்கள். மேலதிகாரி கேட்கும் முன் நீங்களே சொல்லிவிடுவது உத்தமம்.

பூச்சி ஆய்வில் இது இன்னும் நுட்பமானது. கத்தரியால் இலையை வெட்டுவதும் புழு கடிப்பதும் செடிக்கு ஒன்றல்ல. 1990-இல் டர்லிங்ஸ், டம்லின்சன், லூயிஸ் மூவரும் மக்காச்சோள நாற்றுகளில் இதைக் காட்டினார்கள்: புழு கடித்த நாற்று சில மணி நேரம் கழித்து டெர்ப்பீன்களை விட ஆரம்பிக்கிறது, அந்த வாசத்தைப் பிடித்து ஒட்டுண்ணிக் குளவி புழுவைத் தேடி வருகிறது. புழுவின் எச்சில் பட்டால்தான் இந்த மறுமொழி முழுமையாக வரும். எச்சிலில் இருந்து அதைத் தூண்டும் பொருளை 1997-இல் பிரித்தெடுத்து வாலிசிட்டின் என்று பெயர் வைத்தார்கள். ஆகவே புழுவை விட்ட அரைமணியில் காற்றைப் பிடித்துவிட்டு 'வித்தியாசம் இல்லை' என்று அறிக்கை எழுதினால், நேரம் தவறிவிட்டது என்றுதான் அர்த்தம்.

ஐசோப்ரீனுக்கு வெளிச்சமும் சூடும் வேண்டும். விளக்கை அணைத்தால் சில நிமிடங்களில் நின்றுபோகும். வெப்பம் ஏற ஏறக் கூடி, ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ் அளவில் உச்சம் தொடும். அதனால்தான் உலகம் முழுக்க ஒரே அளவுகோல் வைத்திருக்கிறார்கள்: இலை வெப்பம் 30 டிகிரி, ஒளி சதுர மீட்டருக்கு நொடிக்கு 1,000 மைக்ரோமோல். இந்த இரண்டு எண்ணும் குறிக்கப்படாத ஐசோப்ரீன் அளவை யாரும் மதிக்க மாட்டார்கள். நம்மூர் வெயிலில் பைக்குள் இருக்கும் வெப்பம் வெளியைவிடப் பல டிகிரி ஏறிவிடும், பைச்சுவரில் நீர் கோர்க்கும், செடி வாடும். மெல்லிய தெர்மோகப்பிள் கம்பி ஒன்றை இலையடியில் ஒட்டிவையுங்கள். மலிவான பொருள்தான், ஆனால் அது இல்லாமல் எடுத்த அளவுக்குக் கேள்வி வந்தால் பதில் சொல்ல முடியாது.

பை, கரி, காற்று

செடியைச் சுற்றியுள்ள காற்றைப் பிடிக்கும் முறைக்கு ஹெட்ஸ்பேஸ் என்று பெயர். மூடிவைத்து ஊறவிட்டு எடுப்பது ஒரு வகை. ஒருபக்கம் சுத்தக் காற்றைத் தள்ளி மறுபக்கம் இழுத்துக்கொண்டே இருப்பது இன்னொரு வகை. 'எது இருக்கிறது' என்று மட்டும் தெரிய வேண்டுமானால் முதலாவது போதும். 'எவ்வளவு' என்று தெரிய வேண்டுமானால் இரண்டாவதுதான்.

பைக்கு ஆடம்பரம் வேண்டாம். அடுப்பில் இறைச்சி வாட்டுவதற்கென்று விற்கும் வெப்பம் தாங்கும் பாலியெஸ்டர் பையைத்தான் உலகத்தின் பெரிய ஆய்வகங்கள் பலவும் பயன்படுத்துகின்றன. முன்னதாக ஓவனில் சூடாக்கி அதன் சொந்த வாசத்தைப் போக்கிவிட வேண்டும், அவ்வளவுதான். குழாய்கள் டெஃப்லானாக இருக்கட்டும். ரப்பர், சிலிக்கோன், கடையில் கிடைக்கும் மீன்தொட்டிக் குழாய் எதையும் அருகில் சேர்க்காதீர்கள். அவை வாசத்தை உறிஞ்சிக்கொள்ளும், தங்கள் வாசத்தைக் கொட்டவும் செய்யும். உள்ளே போகும் காற்று கிளர்வூட்டிய கரி வழியாகப் போக வேண்டும். ஓசோனையும் நீக்க வேண்டும். கேரியோஃபிலின் போன்ற செஸ்குவிடெர்ப்பீன்கள் ஓசோன் பட்டால் சில நிமிடங்களில் காணாமல் போய்விடும்.

பலர் கவனிக்காத ஒன்று: உள்ளே தள்ளும் காற்று, வெளியே இழுக்கும் காற்றைவிட அதிகமாக இருக்க வேண்டும். அப்போது பை லேசாக உப்பியிருக்கும்; கசிவு இருந்தாலும் உள்ளிருப்பது வெளியே போகும். தலைகீழாக வைத்தால் ஆய்வகத்து ஃபினாயில் வாசமெல்லாம் உள்ளே வந்துவிடும்.

அடுத்தது பிளாங்க், அதாவது செடி இல்லாத வெற்று மாதிரி. அதே பை, அதே குழாய், அதே மண் நிரப்பிய தொட்டி, அதே நேரம். செடி மட்டும் கிடையாது. மண்ணுக்கும் வாசம் உண்டு என்பதால் வெறும் பை போதாது. தினமும் எடுங்கள். பிளாங்கைப் பார்த்தால்தான் ஆய்வகத்தின் பழக்கவழக்கம் புரியும். லிமோனீன் வந்தால் யாரோ எலுமிச்சை வாசச் சோப்பு போட்டிருக்கிறார்கள். நிறை 149-இல் கோடு வந்தால் பிளாஸ்டிக்கில் சேர்க்கும் தாலேட். 73, 207, 281 என்று வரிசையாக வந்தால் சிலிக்கோன் கசிவு. கொசுவத்தி, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், சானிடைசர் எல்லாமே பதிவாகும். மல்லிகை ஆராய்ச்சி நடக்கும் அறைக்குத் தலையில் மல்லிகை சூடி வருவது எவ்வளவு இயல்பான காரியம்! ஆனாலும் வாசலிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும்.

எதில் பிடிப்பது என்பது அடுத்த முடிவு. டெனாக்ஸ் என்ற உறிஞ்சி நிரப்பிய குழாயில் பிடித்து, அப்படியே சூடாக்கிக் கருவிக்குள் அனுப்பலாம். நுட்பமான அளவும் தெரியும். ஆனால் பொதுவாக ஒரே ஒரு வாய்ப்புதான். கருவி நடுவில் நின்றால் மாதிரி போயிற்று. போராபேக் கியூ என்ற உறிஞ்சியில் பிடித்து டைகுளோரோமீத்தேன் போன்ற கரைப்பானால் கழுவி எடுத்தால் திரும்பத் திரும்பச் செலுத்தலாம், மிச்சத்தைப் பூச்சிச் சோதனைக்கும் வைத்துக்கொள்ளலாம். பூச்சியியல் ஆய்வகத்தில் சேர்பவருக்கு நான் இரண்டாவதைத்தான் சிபாரிசு செய்வேன். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் யானுஸ் பாவ்லிசின் 1990-ஐ ஒட்டிக் கொண்டுவந்த எஸ்.பி.எம்.இ. நூலிழை மூன்றாவது வழி. ஊசி போன்ற சின்னக் கருவி, கரைப்பான் வேண்டாம், வயலுக்கே எடுத்துப் போகலாம். ஆனால் ஒவ்வொரு சேர்மத்தையும் அது ஒவ்வொரு அளவில் இழுத்துக்கொள்வதால், பீக் பெரிதாக இருப்பதை வைத்துச் செடி அதிகமாக விட்டது என்று சொல்லிவிட முடியாது.

நேர்காணலில் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று: 'ஐசோப்ரீனை டெனாக்ஸில் பிடிக்கலாமா?' கூடாது. 34 டிகிரியிலேயே கொதிக்கும் பொருள் டெனாக்ஸில் தங்காது, மறுமுனை வழியே ஓடிவிடும். அதற்கு வலுவான கார்பன் உறிஞ்சிகள் வேண்டும்.

கருவிக்கு முன்னால்

ஜி.சி. சேர்மங்களைத் தனித்தனியாகப் பிரிக்கும், எம்.எஸ். ஒவ்வொன்றின் நிறையைப் படிக்கும். பிறகு கணினி தன் நூலகத்தில் தேடி 'இது 94 சதவீதம் ஆல்ஃபா-பைனீன்' என்று சொல்லும். அதை அப்படியே நம்பி எழுதுவதுதான் புதியவர்களின் வழக்கம். மோனோடெர்ப்பீன்கள் எல்லாவற்றுக்கும் நிறை 136. அவை உடையும் விதமும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே நூலகம் சொல்வது ஊகம். ஆல்கேன் வரிசையை ஓட்டி, வெளிவரும் நேரத்தை வைத்துத் தக்கவைப்புக் குறியீட்டெண் கணக்கிட வேண்டும். அதன் பிறகு சுத்தமான ஸ்டாண்டர்டை வாங்கி அதே நிலைமையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். மூன்றும் ஒத்துவந்தால்தான் பெயர் எழுதலாம். ஸ்டாண்டர்ட் கிடைக்காவிட்டால் 'தற்காலிக அடையாளம்' என்று குறிப்பிடுங்கள். அதில் வெட்கம் ஏதுமில்லை. நல்ல ஆய்விதழ்கள் அதைத்தான் எதிர்பார்க்கின்றன.

நொடிக்கு நொடி மாற்றம் தெரிய வேண்டுமானால் பி.டி.ஆர்.-எம்.எஸ். என்ற இன்னொரு கருவி வேண்டும். ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் பல்கலைக்கழகத்தில் வெர்னர் லிண்டிங்கரின் குழு 1990-களில் அதை உருவாக்கியது. ஹைட்ரோனியம் அயனி தன் புரோட்டானை வி.ஓ.சி.யிடம் கொடுத்துவிடுகிறது, அதனால் ஒவ்வொன்றின் நிறையும் ஒன்று கூடித் தெரியும். மெத்தனால் 33, ஐசோப்ரீன் 69, மோனோடெர்ப்பீன் 137. காற்றில் பெருமளவு இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் புரோட்டானை வாங்காததால் குறுக்கே வருவதில்லை. வேகத்துக்கு விலை உண்டு: லிமோனீனும் பைனீனும் இதற்கு ஒன்றே. சில பைன் மரங்கள் விடும் ஒரு ஆல்கஹால்கூட உடைந்து 69-இலேயே வந்து நிற்கும். 69 என்றாலே ஐசோப்ரீன் என்று எழுதிவிடாதீர்கள்.

கணக்கு பள்ளிக்கூடத்துக் கணக்குதான். பைக்குள் நிமிடத்துக்கு அரை லிட்டர் காற்று போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து நிமிடத்துக்கு 200 மில்லி லிட்டர் வீதம் 30 நிமிடம் இழுத்தால் 6 லிட்டர். குழாயில் 60 நானோகிராம் லினலூல், பிளாங்கில் 6. மிச்சம் 54; லிட்டருக்கு 9 நானோகிராம். பைக்குள் மணிக்கு 30 லிட்டர் போனதால் செடி மணிக்கு 270 நானோகிராம் விட்டிருக்கிறது. இலையைக் காயவைத்து நிறுத்தால் 3 கிராம். ஆக, ஒரு கிராம் உலர் இலைக்கு மணிக்கு 90 நானோகிராம். எங்கே தவறும் என்றும் பாருங்கள்: காற்றோட்டத்தில் பத்து சதவீதப் பிழை வந்தால் விடையிலும் பத்து சதவீதப் பிழை. அதனால்தான் சோப்புக் குமிழ் மீட்டரால் காற்றோட்டத்தை ஆரம்பத்திலும் முடிவிலும் அளக்கச் சொல்வார்கள். இலையை எடை போடாமல் குப்பையில் போட்டவர்களும் உண்டு. அந்த நாளின் உழைப்பை மீட்க வழியே இல்லை.

பாதுகாப்புக்கு இரண்டு வார்த்தை. வாயு சிலிண்டரைச் சங்கிலியால் கட்டாமல் விடாதீர்கள். டைகுளோரோமீத்தேனைப் புகைபோக்கிப் பெட்டிக்கு வெளியே திறக்காதீர்கள். வாசம் பிடித்துப் பார்க்கும் பழக்கம் இந்தத் துறையில் எல்லோருக்கும் வந்துவிடும், அதற்கு எல்லை வேண்டும்.

எங்கே, என்ன சம்பளம்

வாசல்கள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. வேதியியல் படித்தவருக்குக் கருவி சுலபம், செடி கஷ்டம். வேளாண்மை அல்லது விலங்கியல் படித்தவருக்கு மறுபக்கம். வேதியியல்காரர்கள் ஒரு பருவமாவது தொட்டியில் செடி வளர்த்துப் பழகுங்கள். ஒரே வயது, ஒரே உயரம், பூச்சிமருந்து படாத முப்பது நாற்று தயார் செய்வது எவ்வளவு பாடு என்று அப்போது தெரியும். வேளாண்மைக்காரர்கள் கரிம வேதியியலில் டெர்ப்பீன் பாடத்தைத் திரும்பப் படியுங்கள். இருவருமே ஆர் மொழியில் அடிப்படைப் புள்ளியியல் கற்றுக்கொண்டால் நல்லது. எக்செல் வெகுதூரம் வராது.

கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறை, பெங்களூருவில் வேளாண் பூச்சி வளங்களுக்கான தேசியப் பணியகம், லக்னோவில் மூலிகை, நறுமணத் தாவரங்களுக்கான சி.எஸ்.ஐ.ஆர்.-சிமாப், கன்னோஜில் 1991-இல் தொடங்கிய நறுமண வளர்ச்சி மையம் ஆகியவை நேரடியாகத் தேட வேண்டிய இடங்கள். வளிமண்டலப் பக்கம் போக விரும்புகிறவர்கள் மொகாலி ஐசரைப் பாருங்கள், பி.டி.ஆர்.-எம்.எஸ். வைத்து ஆண்டுக்கணக்கில் காற்றை அளந்துவரும் இடம் அது. தனியார் பக்கம், மல்லிகையிலிருந்து சென்ட் மூலப்பொருள் எடுக்கும் ஆலைகள் தமிழ்நாட்டிலேயே உண்டு. கேரளத்தில் மசாலாச் சாறு எடுக்கும் பெரிய நிறுவனங்கள் இருக்கின்றன. தரக்கட்டுப்பாட்டு வேலைதான் அங்கே கிடைக்கும். ஆராய்ச்சி குறைவு, மாதச் சம்பளம் நிலையானது.

அரசு ஆராய்ச்சித் திட்டங்களில் நெட் அல்லது கேட் தேறியவருக்கு ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. தேர்வு எழுதாமல் திட்ட உதவியாளராகச் சேரலாம், தொகை குறையும், திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். முனைவர் பட்டத்துக்கு வெளிநாடு போகிறவர்களுக்கு ஜெர்மனியின் யேனாவில் வேதிச் சூழலியலுக்கான மாக்ஸ் பிளாங்க் நிறுவனம், நெதர்லாந்தின் வாகனிங்கன், இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் மூன்றும் பழைய, வலுவான பெயர்கள்.

இந்த அளவீடு வயலுக்கு உதவுமா என்று வீட்டில் கேட்பார்கள். மேற்குக் கென்யாவைச் சொல்லுங்கள். அங்கே ஐ.சி.ஐ.பி.இ. பூச்சி ஆராய்ச்சி நிறுவனமும் ரோதம்ஸ்டெட்டும் சேர்ந்து, மக்காச்சோள வரிசைகளுக்கு நடுவே டெஸ்மோடியம் செடியும் வயலோரத்தில் நேப்பியர் புல்லும் நடும் முறையை உருவாக்கின. டெஸ்மோடியத்தின் வாசம் தண்டுத்துளைப்பான் அந்துப்பூச்சியை விரட்டும், நேப்பியரின் வாசம் அதை வெளியே இழுக்கும். ஆரம்ப ஆய்வுகளில் நடுவே ஊடுபயிராக இருந்தது மொலாசஸ் புல். அதன் வாசம் ஒட்டுண்ணிக் குளவியை வரவழைக்கிறது என்று 1997-இல் கண்டார்கள். எந்தச் சேர்மம் என்று கண்டுபிடித்தது செடியின் காற்றைப் பிடித்து, ஜி.சி.யில் ஓட்டி, பூச்சியின் உணர்கொம்பில் மின்முனை பொருத்திப் பார்த்துத்தான். விதையும் புல்லும் வாங்கினால் போதும், மருந்து தெளிக்கும் செலவு இல்லை.

நேர்காணலின் கடைசியில் 'உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா' என்பார்கள். கூச்சப்படாமல் கேளுங்கள். ஜி.சி.-எம்.எஸ். உங்கள் ஆய்வகத்துடையதா, பல துறைகள் பங்குபோடுவதா? வாரத்தில் எத்தனை மணி நேரம் எனக்குக் கிடைக்கும்? கருவிக்கு வேண்டிய ஹீலியத்தை இந்தியா இறக்குமதி செய்கிறது. சிலிண்டர் தீர்ந்தால் அடுத்தது எத்தனை நாளில் வரும்? இரவில் பூ விரியும்போது ஆய்வகம் திறந்திருக்குமா, பெண்களுக்குத் திரும்ப வாகன ஏற்பாடு உண்டா? கடைசியாக, சென்ற மாதம் எடுத்த பிளாங்க் ஒன்றைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். உடனே எடுத்துக் காட்டினால் தயங்காமல் சேருங்கள். 'அதெல்லாம் எதற்கு' என்றால் வேறு இடம் பாருங்கள்.